பெல்லி டான்ஸ் பாட வீடியோவா? கேமரா முட்டியையும் பார்க்கட்டும்!

‘பெல்லி டான்ஸ்’ என்றதும், “ஐயய்யே, இது குடும்பப் பத்திரிகைதானே?” என்று புருவத்தை உயர்த்துகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! அரபு நாடுகளில் இதற்கு ‘ரக்ஸ் ஷர்கி’ என்று பெயர். கீழைநாட்டு ஆட்டம் என்று அர்த்தம். எகிப்தில் கல்யாண வீட்டில் பெண்கள் கூடி ஆடுகிற ஆட்டத்துக்கு இது நெருங்கிய சொந்தம். வயிற்றைச் சொல்லி அழைக்கிற பெயர் பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்தது. 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவில் அந்தப் பெயரே பிரபலமாகிவிட்டது. பிற்பாடு அங்கே உடற்பயிற்சியாகவும் மாறி, வீடியோ பாடமாக வீட்டுக்குள் நுழைந்தது. அப்படிப் பாடம் எடுத்துப் புகழ் பெற்றவர்களில் நம் இந்திய வம்சாவளி இரட்டைச் சகோதரிகள் வீணா, நீனாவும் உண்டு!

இப்போது விஷயத்துக்கு வருவோம். நீங்கள் புதுக்கோட்டையில் இருக்கிறீர்கள், முறையாக ஆடக் கற்றவர் என்று வைத்துக்கொள்வோம். அறந்தாங்கியில் கட்டிக்கொடுத்த தங்கச்சி போனில், “அக்கா, எனக்கும் சொல்லிக் குடேன். வீடியோ எடுத்து அனுப்பு, பாத்துக்கிட்டே பண்றேன்” என்கிறாள். எடுத்துவிடலாம், செல்போன் கையில்தானே இருக்கிறது! ஆனால் அவளுக்கு இரண்டு குழந்தைகள், இரண்டாவது சிசேரியன். தப்பாக ஆடி இடுப்பு பிடித்துக்கொண்டால் யார் பொறுப்பு?

நம் ஊர்ப்பக்கத்துப் பழைய வழக்கத்தைப் பாருங்கள். விராலிமலை முருகன் கோயிலில் சின்ன வயதிலேயே பொட்டுக்கட்டி சதிர் ஆடிய முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் சதிரில் குரு எதிரே தட்டுக்கழியோடு உட்கார்ந்திருப்பார். அரைமண்டி சற்றுத் தளர்ந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வீடியோவில் இந்த வசதி கிடையாது. தங்கச்சி உங்களைப் பார்ப்பாள்; நீங்கள் அவளைப் பார்க்க முடியாது. குருவின் கண் செய்கிற வேலையை உங்கள் வார்த்தைதான் செய்தாக வேண்டும்.

இந்த ஆட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அசைவு தெரிகிற இடம் ஒன்று, பிறக்கிற இடம் வேறு! ‘ஷிம்மி’ என்கிற படபடப்பு ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கிறவர்களுக்கு இடுப்பு நடுங்குகிற மாதிரி இருக்கும். நிஜத்தில் இரண்டு முட்டிகளும் மாறி மாறிச் சின்னதாக மடங்கி நிமிர்கின்றன. இடுப்பு தானாகக் குலுங்குகிறது. அது தெரியாதவள் முட்டியை விறைப்பாக வைத்துக்கொண்டு இடுப்பை வெடுக் வெடுக்கென்று ஆட்டுவாள். மறுநாள் காலையில் குனிந்து கோலம் போட முடியாது!

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் முட்டி வீடியோவில் தெரிய வேண்டும். புடவையோ, கால் மறைக்கும் பாவாடையோ வேண்டாம். காலோடு ஒட்டிய சுடிதார் பேன்ட் போதும். மேலே எடுப்பான நிறத் துப்பட்டா ஒன்றை இடுப்பெலும்பின் மேல் கட்டுங்கள். வயிற்றைச் சுற்றிக் கட்டினால் அசைவு தெரியாது. பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும். காலண்டர், சாமி படம், பிளாஸ்டிக் தோரணம் எல்லாம் கண்ணை இழுக்கும். ஜன்னல் உங்களுக்கு எதிரே இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் நீங்கள் கறுப்பு நிழலாகத்தான் தெரிவீர்கள்.

போனை யாரையாவது பிடிக்கச் சொல்லாதீர்கள், கை ஆடும். ஸ்டாண்டிலோ, ஸ்டூலின் மேல் புத்தகங்களை அடுக்கியோ நிறுத்துங்கள். உயரம்? உங்கள் இடுப்பளவு. உச்சந்தலை முதல் பாதம் வரை, கையை இருபுறமும் நீட்டினாலும் அடங்குகிற தூரத்தில் வையுங்கள். டி.வி.யில் போட்டுப் பார்ப்பார்கள் என்றால் போனைப் படுக்கை வாக்கில் வைப்பது நல்லது.

வலது, இடது குழப்பம் பெரிய தலைவலி! முகம் பார்த்து நின்று சொல்லிக் கொடுத்தால், நீங்கள் “வலது” என்று சொல்லும்போது உங்கள் இடது இடுப்பை அசைக்க வேண்டும். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி அவளுக்குச் சரியாக வரும். இது பழக்கமாகாவிட்டால் அதே அசைவை முதுகைக் காட்டியும் ஒரு முறை எடுங்கள். சில போன்களின் முன்பக்கக் கேமரா, எடுக்கும்போது ஒரு மாதிரியும் சேமித்த பிறகு இன்னொரு மாதிரியும் காட்டும். பத்து விநாடி எடுத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மின்விசிறியை நிறுத்தாவிட்டால் உங்கள் குரலுக்குப் பதில் காற்றுதான் கேட்கும். நம்ம ஊர் வெயிலில் அது தண்டனை, ஒத்துக்கொள்கிறேன். காலை ஆறரைக்கே எடுத்து முடித்துவிடுங்கள். சினிமாப் பாட்டு போட்டுப் பொதுவில் வெளியிட்டால் உரிமைப் பிரச்னை வரும். அதற்குப் பதில் கஞ்சிரா தெரிந்த பையன் யாராவது அகப்பட்டால் விடாதீர்கள்! அரபு நாட்டு ‘ரிக்’ வாத்தியமும் சலங்கைத் தகடு வைத்த கைத்தோல் கருவிதான். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மாமூண்டியா பிள்ளையும் புதுக்கோட்டைக்காரர்தானே!

ஒரு வீடியோவுக்கு ஓர் அசைவு போதும். நாலைந்தைத் திணித்தால் ஒன்றும் பதியாது. முதலில் ஐந்து நிமிடம் உடம்பைச் சூடுபடுத்துங்கள்: நின்ற இடத்தில் நடை, தோள் சுழற்றல், இடுப்பை மெதுவாக வட்டமிடுதல். இதைத் தனி வீடியோவாகப் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள், ஒவ்வொரு பாடத்திலும் சேர்த்துவிடுங்கள். பிறகு நிற்கும் நிலை. முட்டி லேசாகத் தளர்ந்து, பாதம் நேராக, வால் எலும்பு தரையைப் பார்க்க, மார்பு நிமிர்ந்து. பின்புறத்தைத் தூக்கி முதுகை வளைப்பதுதான் பலரும் செய்கிற தவறு. கீழ்முதுகு வலிக்கு அதுவே வழி. அப்புறம் எட்டு எண்ணிக்கையில் மெதுவாக நாலு தடவை, சற்று வேகமாக நாலு தடவை, கடைசியில்தான் தாளம்.

கரகம் பார்த்திருப்பீர்கள். கால் என்ன வேகம் போட்டாலும் தலை ஏறி இறங்காது. எகிப்திலும் தலையில் மெழுகுவர்த்திக் கொத்துவிளக்கை வைத்து ஆடுகிற ‘ஷமதான்’ ஆட்டம் உண்டு. “தலையில செம்பு இருக்குன்னு நினைச்சுக்கோ” என்று ஒரு வரி சொன்னால் போதும், தங்கச்சிக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

இனி முக்கியமானது. ஆரம்பத்திலேயே உங்கள் வாயால் சொல்ல வேண்டிய எச்சரிக்கைகள் சில உண்டு. கர்ப்பிணிகள், டிஸ்க் கோளாறு, குடலிறக்கம், இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆடக்கூடாது. சிசேரியன் ஆனவர்கள் மகப்பேறு மருத்துவர் சரி சொன்ன பிறகே தொடங்கலாம். நடுவயிற்றுத் தசை விலகியிருக்கிறதா என்றும் அவரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். குலுக்கும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. பிரசவம் ஆன பலருக்கும் வருவது, சிகிச்சையும் பயிற்சியும் உண்டு. வலி காலுக்குள் இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சு அடைத்தாலோ உடனே நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும்.

“பத்தே நாளில் தொப்பை மாயம்” என்று மட்டும் தலைப்பு வைத்துவிடாதீர்கள்! வயிற்றை ஆட்டுவதால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூச்சு சற்று வாங்குகிற அளவுக்கு ஆடினால் அந்தக் கணக்கில் சேரும். அதுவே நல்ல லாபம்தான்.

எடுத்து முடித்ததும் பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிடுங்கள். ஒரு முறை சத்தத்தை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு உங்கள் குரலை மட்டும் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு! எங்கே தடுமாறுகிறாரோ அந்தத் துண்டைத் திரும்ப எடுக்க வேண்டும். யூடியூபில் போடுவதானால், ‘இணைப்பு உள்ளவர்கள் மட்டும்’ பார்க்கும்படி வைக்கலாம். ஆனால் இணைப்பு கைமாறினால் யாரும் பார்த்துவிட முடியும். தங்கச்சியிடம், “யாருக்கும் அனுப்பிடாதே” என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முகம் தெரிய விருப்பமில்லையா? கழுத்துக்குக் கீழே மட்டும் எடுங்கள். முட்டியும் இடுப்பும் தெரிந்தால் பாடம் நடந்துவிடும்.