சார்ட் போட்டாச்சு

வள்ளூர்
திங்கள் இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ நலமா என்று கேட்க மாட்டேன். நேற்று ராத்திரி உங்கம்மா போனை வைத்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள், அதிலேயே தெரிந்துவிட்டது. அழுதாயாமே. போனில் பேசினால் "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று சொல்லியே என்னை முடித்துவிடுவாய். அதனால் கடிதம். உன் தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான்.

அட்வான்ஸ்டு கன்ஸ்ட்ரெயின்ட் பிராசசிங்கை விட்டுவிட்டு மெஷின் லேர்னிங்கில் இன்னொரு பாடம் எடுக்கப் போகிறாயாம். வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம், படிக்கிறவள் நீ. எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உனக்கு என்ன தெரியும் என்று சிரிக்காதே. பொங்கலுக்கு வந்தபோது நீதானே இந்த மாதிரிக் கணக்கை விளக்கத் திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையை ராணி என்று வைத்துக் காட்டினாய்? ஒரு ராணி இன்னொன்றை நேராகவும் வெட்டக் கூடாது, மூலைவாட்டிலும் வெட்டக் கூடாது. எட்டுக்கு எட்டில் வரிசைக்கு ஒரு ராணி வைக்க 92 வழி என்றாய். நீ போனபிறகு நான் மூன்றுக்கு மூன்றில் வைத்துப் பார்த்தேன். முதல் வரிசை மூலையில் வைத்தால் அடுத்த வரிசையில் ஒரே இடம், மூன்றாவதில் இடமே இல்லை. நடுவில் வைத்தால் இரண்டாவது வரிசையே அடைபட்டுப் போகிறது. எதிர்மூலையும் முதல் மூலை மாதிரியேதான். ஆக, முடியாது. அவ்வளவுதான், பத்து நிமிஷ வேலை. 68 வயசில் ஒரு நேர்மையான "முடியாது" பார்த்துவிட்டேன் என்று அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். 1987. வீட்டில் எல்லோருக்கும் காது புளித்த கதை, இன்னொரு தரம் கேட்டுவிடு. ஏஎம்ஐஇ இன்ஜினியரிங் பரீட்சை மூன்று நாளும் எண்ணூர் வேலையில் எனக்கு ஏ ஷிப்ட் விழுந்தது. டைம் ஆபீஸில் போய் நின்றேன். "சார்ட் போட்டாச்சு, முடியாது" என்றார் அங்கிருந்தவர், தலையைத் தூக்காமல். அன்று ராத்திரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். பதினாலு பேர். ஒவ்வொரு ஷிப்டிலும் பாய்லர் லைசென்ஸ்காரர் ஒருத்தர் வேண்டும். சி ஷிப்ட் முடித்தவனை அப்படியே ஏ ஷிப்டுக்கு நிறுத்தக் கூடாது. யாருடைய வீக்லி ஆஃபும் போகக் கூடாது. மூன்றே பேர் மாற்றிக்கொண்டால் போதும் என்று வந்தது. மூன்று பேரும் சரி என்றார்கள். காலையில் தாளை நீட்டினேன். கையில் வாங்கவே இல்லை. தேடிப் பார்த்துவிட்டு முடியாது என்றிருந்தால் கும்பிட்டிருப்பேன். தேடாமலே சொன்னான், பாவி.

ஐஐடியில் பாடம் நடத்திய தீபக் கேமானி சாரின் என்பிடெல் வகுப்புகளை இப்போது மதியத்தில் போனில் பார்க்கிறேன். பாதி புரிகிறது. ஆலன் மேக்வொர்த் 1977இல் எழுதிய ஆர்க் கன்சிஸ்டன்சி இருக்கிறதே, பக்கத்தில் இருப்பவனுடைய எந்தத் தேர்வோடும் சேராததைத் தேடலுக்கு முன்னாலேயே அடித்துவிடுவது, அதைத்தான் நானும் காலண்டர் தாளில் செய்திருக்கிறேன், பெயர் தெரியாமல். அதே எண்பதுகளின் பின்பாதியில் ம்யூனிக்கில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இந்த மாதிரிக் கணக்குக்கென்றே சிப் என்று ஒரு மொழி செய்துகொண்டிருந்தார்களாம். பிறகு ஹாங்காங் கன்டெய்னர் துறைமுகத்தில் திட்டம் போடவும் அது போயிருக்கிறது. நான் இங்கே எண்ணூரில் தாளும் கையுமாக நின்ற வருஷங்கள் அவை.

வேலை கிடைக்காது என்கிறாய். நம் மாடியில் ஏறிப் பார். அனல்மின் நிலையம், 500 மெகாவாட்டில் மூன்று யூனிட். கரிக்கப்பல் எந்த பெர்த்தில் நிற்பது, பெல்ட் எப்போது ஓடுவது, யார்டில் எத்தனை நாள் கரி, எந்த யூனிட்டை எப்போது ஓவர்ஹாலுக்கு நிறுத்துவது, எல்லாம் உன் பாடத்துக் கணக்கு. விமானக் கம்பெனி டூட்டி சார்ட்டும் அதுதான். மெஷின் லேர்னிங்கை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது பழைய சார்ட்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்வது. அந்த டைம் ஆபீஸ் ஆள் போட்ட சார்ட்டுகளைக் கொடுத்தால் அவனை மாதிரியே போடும். வழி இருக்கிறதா, இல்லவே இல்லையா என்று ஆணியடித்துச் சொல்ல நீ விடப்போகிற பாடம்தான் வேண்டும்.

அதில் பேக்ஜம்பிங் என்று ஒன்று வருகிறதே, இந்தக் கடிதமே அதற்காகத்தான். முட்டிக்கொண்டால் சாதாரணமாகக் கடைசியாக எடுத்த முடிவை மாற்றுவார்கள். பேக்ஜம்பிங்கில் முட்டலுக்கு எது காரணமோ அங்கேயே தாவுவார்கள். நடுவில் இருக்கிற அப்பாவிகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதில்லை. நீ கடைசியாகச் சேர்ந்த பாடத்தின் கழுத்தைப் பிடிக்கிறாய். அதுவா காரணம்? ஆடிக்கு வந்தவள், ஆவணி முடியப்போகிறது, இன்னும் அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் வந்து இறங்கவில்லை. ராத்திரி இரண்டு மணிவரை முழிப்பு, காலையில் வெறும் டீ. வாரத்தில் நாலு சாயந்திரம் வேளச்சேரியில் டியூஷன் எடுக்கிறாயாமே? தம்பி பீஸுக்கு நீ அனுப்பும் பணம் அதுதான் என்று உங்கம்மாவுக்கே நேற்றுதான் தெரியும்.

அங்கே தாவு. இந்த மாதத்தோடு டியூஷனை நிறுத்து. பீஸை நான் கட்டுகிறேன். உங்கப்பாவிடம் சொல்லிவிட்டேன், முறைத்தான், முறைக்கட்டும். அவனை நான் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன்.

பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிறாள். "ஒரு பரீட்சை போனதற்கு டைம் ஆபீஸ். மிச்சத்தை எழுதாமல் விட்டதற்கு யாராம்?" என்கிறாள். முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்கிறாள். நான்தான். அடுத்த ஆறு மாதத்தில் மறுபடி எழுதியிருக்கலாம். ரோஷத்தில் புத்தகத்தைக் கட்டிப் பரணில் போட்டேன். அவள் எதிரில் இதை ஒப்புக்கொண்டது இன்றைக்குத்தான். அது உன்னால் வந்த வினை.

சரி, நிறைய பேசிவிட்டேன். எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. பாடத்தை விடு, எடு, படிப்பையே மூட்டை கட்டிவிட்டு வா, எங்களுக்கு நீ நீதான். நம் வீட்டில் முதல் முதுகலைக்காரி நீ. உன் போட்டோவை ரேஷன் கடைக்காரரிடம்கூடக் காட்டியிருக்கிறேன். பழவேற்காட்டு இறால் வாங்கித் தொக்கு செய்து வைக்கிறேன் என்கிறாள் பெரியம்மா. நண்டும் வாங்குகிறோம். எந்த ரயிலில் வந்தாலும் ஸ்டேஷனில் நான் நிற்பேன்.

சனிக்கிழமை வந்தால் போதும். வியாழக்கிழமையே வந்தால் இன்னும் நல்லது.

உன்
பெரியப்பா