எந்த ஸ்கேன் எடுத்தீர்கள்?

கேள்வி: வயது 23. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. நாலு மாதமாக இடது விதையில் மந்தமான வலி; சில நாள் அடிவயிறு வரை இழுக்கிறது. வயிற்று வலி என்று டாக்டரிடம் போனேன். சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் நார்மல். அம்மா சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கிறார். சுய இன்பப் பழக்கம்தான் காரணமா? குழந்தை பிறக்குமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: பழக்கத்துக்கும் இந்த வலிக்கும் சம்பந்தமில்லை. லேகியம் விற்பவர்கள் கிளப்பிவிட்ட பயம் அது.

வயிற்று வலி என்று மட்டும் சொன்னால் வயிற்றுக்குத்தான் ஸ்கேன் எழுதுவார்கள். அதில் விதைப்பை வராது. ரிப்போர்ட்டை எடுத்து, எந்த இடத்தைப் பார்த்தார்கள் என்று முதலில் படியுங்கள்.

வலி அடிவயிற்றுக்கு ஏறுவதில் வியப்பில்லை. கருவில் விதைகள் உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். கடைசி மாதங்களில்தான் பைக்குள் இறங்குகின்றன. ரத்தக்குழாயும் நரம்பும் மேலிருந்தே கூட வருகின்றன. அதனால்தான் சிறுநீர்க் குழாயில் கல் நகர்ந்தால் விதை வலிக்கும், விதையில் கோளாறென்றால் அடிவயிறு பிசையும்.

இடது பக்கம், நின்று செய்யும் வேலை என்றதும் எனக்கு வெரிகோசீல் மேல்தான் சந்தேகம். விதையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் நாளங்கள் புடைத்துச் சுருண்டுவிடும். நூறு ஆண்களில் சுமார் 15 பேருக்கு இருக்கிறது, பெரும்பாலும் இடப்பக்கம். படுத்தால் வடிந்துவிடுவதால் படுக்கவைத்து எடுத்த ஸ்கேனில் தப்பிவிடலாம். யூராலஜிஸ்ட் உங்களை நிற்க வைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி, கையால் தடவிப் பார்ப்பார். தேவைப்பட்டால் விதைப்பைக்கு டாப்ளர் ஸ்கேன் எழுதுவார். கூச்சப்படாதீர்கள், அவருக்கு இது தினசரி வேலை. கடை மூடும் நேரத்தில் வலி கூடுகிறதா, படுத்ததும் குறைகிறதா என்று குறித்துக்கொண்டு போங்கள். விதையில் கல் மாதிரி கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால், அது வலிக்காவிட்டாலும் சொல்லுங்கள்.

எல்லாம் பார்த்தும் காரணம் அகப்படாதவர்கள் நிறையப் பேர் உண்டு. அதற்காக அது கற்பனை வலி ஆகிவிடாது. தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, டாக்டர் சொன்ன அளவில் சில வாரம் வலி மாத்திரை, இடுப்படித் தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபி ஆகியவற்றில் பலருக்குக் குறையும். கிருமித் தொற்று இல்லை என்று பரிசோதனையில் தெரிந்த பிறகும் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றி விழுங்குவது வீண்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. திடீரென்று உயிர் போகிற வலி, வாந்தி, ஒரு விதை மேலேறி நிற்பது என்றால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நேரம் போகப் போக விதையே போய்விடும். நடு இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய், 'விதை வலி' என்றே சொல்லுங்கள். வலி தானாக நின்றாலும் அன்றே காட்டுங்கள், திரும்ப முறுக்கக்கூடும்.

குழந்தை பற்றி: வெரிகோசீல் உள்ளவர்களில் பெரும்பாலோர் அப்பா ஆகிறார்கள். மனசு கேட்கவில்லை என்றால் ஒரு விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.