செல்ஃப் சிக்கிக்கொண்டால்: பழைய ஜீப் பிக்கப்பின் பெண்டிக்ஸைச் சரிசெய்யும் முறை

கார்த்திகை பிறந்தால் திருவண்ணாமலையில் பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்குச் செல்ஃப் மோட்டார்தான் முதல் கவலை. கோடை முழுக்கச் செம்மண் தூசி படிந்திருக்கும். ஆயுத பூஜைக்காக வாட்டர் சர்வீஸில் அடித்த தண்ணீர் கிளட்ச் ஹவுசிங்குக்குள் இறங்கியிருக்கும். பிறகு அடைமழை. மூன்றும் சேர்ந்து, மோட்டாரை எஞ்சினோடு கோக்கும் பெண்டிக்ஸைப் பிடித்துக்கொள்ளும். தீபத்துக்குக் கூட்டம் திரளும் நேரத்தில் செங்கம் சாலையிலோ போளூர் சாலையிலோ வண்டி செல்ஃப் எடுக்காமல் நின்றுவிட்டால், தள்ளி ஸ்டார்ட் செய்யக்கூட இடம் கிடைக்காது.

இப்படி நிற்கும் வண்டிக்கு உடனே புது மோட்டார் வாங்க ஓடாதீர்கள். பெண்டிக்ஸைக் கழுவி உலர வைத்தாலே பெரும்பாலும் போதும். பழைய பாகம் நல்ல இரும்பு. அதைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை சுத்தம் செய்து பார்ப்பது நம் கடமை.

உங்கள் வண்டி எந்த வகை?

மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை மும்பையில் 1940களின் இறுதியில் கோக்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த பழைய பெட்ரோல் ஜீப், ஜீப் பிக்கப்புகளில் செல்ஃப் சுவிட்ச் காலடியில் இருக்கும். மிதித்தால் மோட்டார் சுழலும். இந்தக் கட்டுரை அவற்றுக்கானது. மோட்டாரின் முதுகில் சிறிய உருளையாகச் சோலினாய்டு உட்கார்ந்திருந்தால் அது வேறு வகை. பின்னாளில் டீசல் எஞ்சின் மாற்றிய வண்டிகளில் அதைப் பார்க்கலாம். உதிரிபாகக் கடையில் இரண்டு வகைக்கும் பெண்டிக்ஸ் என்றே பெயர். ஆகவே எதை வாங்கப் போனாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள்.

பெண்டிக்ஸ் எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்கரான வின்சென்ட் பெண்டிக்ஸின் பெயரால் வழங்கும் இந்த அமைப்பு 1914இல் செவ்ரோலே காரில் வந்தது. மோட்டார் தண்டில் அகலமான மரை வெட்டியிருக்கும். அதன்மேல் பினியன், போல்ட்டில் நட்டு ஓடுவதுபோல் ஓடும். மோட்டார் சட்டென்று சுழலும்போது பினியன் தன் கனத்தால் பின்தங்கும். அந்த இடைவெளியில் மரையில் முன்னேறி பிளைவீலின் ரிங் கியரில் பல் கோத்துக்கொள்ளும். எஞ்சின் பிடித்ததும் ரிங் கியர் பினியனை வேகமாகச் சுற்ற, அதே மரையில் அது பின்வாங்கிவிடும். பல் கோக்கும் நேரத்து அதிர்ச்சியை ஒரு தடித்த ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது. பினியனை உள்ளே தள்ள வேறு எந்த நெம்புகோலும் கிடையாது. மரையில் பிசுக்கு ஏறினால் எல்லாம் நின்றுபோகும்.

சத்தத்தை வைத்து நோயைப் பிடியுங்கள்

• "டொக்" என்று ஒரு சத்தம், ஹெட்லைட் மங்குகிறது, பிறகு அமைதி: பினியன் ரிங் கியரில் சிக்கியிருக்கலாம். பேட்டரி இறங்கியிருந்தாலும், டெர்மினலில் பூ பூத்திருந்தாலும் இதே குணம் தெரியும். முதலில் அவற்றைப் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும்.

• மோட்டார் "விர்ர்" என்று சுற்றுகிறது, எஞ்சின் அசையவில்லை: பினியன் மரையில் ஒட்டிக்கொண்டது, அல்லது பெண்டிக்ஸ் ஸ்பிரிங் உடைந்தது.

• "கரகர" என்று பல் அரைகிறது: ரிங் கியர் பல் தேய்ந்திருக்கிறது, அல்லது மோட்டாரின் போல்ட் தளர்ந்திருக்கிறது.

நடுவழியில் சிக்கினால்

1. இக்னிஷனை அணையுங்கள். வண்டி சமதரையில் இருக்கட்டும்.

2. டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, வண்டியை மெல்லப் பின்னோக்கித் தள்ளி, முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். "டக்" என்று பல் விடுபடும் சத்தம் கேட்கும்.

3. கேட்காவிட்டால் மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை ஓரிரு சுற்றுத் தளர்த்தி மோட்டாரை அசைத்துப் பாருங்கள். பல் விட்டதும் மறக்காமல் இறுக்குங்கள்.

4. சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் முதலிய லூகாஸ் வழி மோட்டார் சிலவற்றில், பின்முனையில் ஒரு சிறு மூடி இருக்கும். அதைக் கழற்றினால் தண்டின் சதுர முனை தெரியும். ஸ்பேனர் போட்டு மெதுவாகத் திருப்பினால் பினியன் விடுபடும்.

சுத்தியலால் மோட்டார் உடம்பில் ஓங்கி அடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வேண்டாம். உள்ளே இருக்கும் பிரஷ்ஷும் காயிலும் பழுதாகும்.

வீட்டில் முழு வேலை

தேவையானவை: இஞ்ச் அளவு ஸ்பேனர் செட், மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ், துணி, டார்ச், உப்புத்தாள். பழைய ஜீப்பின் போல்ட்டுகள் இஞ்ச் அளவில் இருப்பவை. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் தலை உருண்டுவிடும்.

1. சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பேட்டரியில் எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள்.

2. மோட்டாருக்கு வரும் தடித்த கேபிளைக் கழற்றுங்கள். பிறகு ஹவுசிங்கில் இருக்கும் போல்ட்டுகளையும், தாங்கு பிராக்கெட் இருந்தால் அதையும் எடுங்கள். கடைசி போல்ட்டைக் கழற்றும்போது ஒரு கை மோட்டாரைத் தாங்கட்டும், கனம் அதிகம்.

3. வெளியே எடுத்த மோட்டாரில் பினியனை விரலால் மரையில் ஓட்டிப் பாருங்கள். தடையில்லாமல் கடைசிவரை போய்த் திரும்ப வேண்டும். ஸ்பிரிங்கில் விரிசல் இருக்கிறதா, அதைப் பிடிக்கும் திருகும் பூட்டு வாஷரும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பினியன் பல்லின் நுனி நொறுங்கியிருந்தால் பெண்டிக்ஸை மாற்றித்தான் ஆக வேண்டும்.

4. பினியன் முனை கீழே தொங்கும்படி மோட்டாரைப் பிடித்துக்கொண்டு மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் மரையைத் தேயுங்கள். தலைகீழாகப் பிடித்தால் அழுக்கு மோட்டாருக்குள் வடியும். செம்மண்ணும் பழைய கிரீஸும் கலந்த பழுப்புக் குழம்பு முதலில் வழியும்; தெளிந்த எண்ணெய் வரும்வரை கழுவுங்கள். டீசல் பிசுக்கை விட்டுப்போகும். பெட்ரோல் தீ ஆபத்து.

5. துணியால் துடைத்து, பஞ்சர் கடைக் காற்றுக்குழாயால் ஊதி, நன்றாக உலர விடுங்கள். இதற்குப் பிறகு மரையில் கிரீஸ் போடவே கூடாது. கிளட்ச் தூசி அதில் ஒட்டி, சில வாரங்களிலேயே பினியனை மறுபடி பிடித்துக்கொள்ளும். பலர் நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறு இதுதான்.

6. மோட்டார் இருந்த துளை வழியாக டார்ச் அடித்து ரிங் கியரைப் பாருங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் எஞ்சினை மெல்லச் சுற்றினால் எல்லாப் பல்லும் கண்ணில் படும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு நிலைகளில்தான் நிற்கும். ஆகவே பல் தேய்வதும் அந்த இரண்டு இடங்களில்தான். தேய்வு அதிகம் என்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அது மெக்கானிக் வேலை. ரிங்கைச் சூடாக்கிக் கழற்றி, இடம் மாற்றிப் பொருத்த முடியுமா என்று அவரிடம் கேளுங்கள்.

7. மோட்டாரும் ஹவுசிங்கும் சேரும் முகங்களில் துருவையும் பெயின்ட்டையும் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். மோட்டாருக்கு எர்த் கிடைப்பது அந்த வழியாகத்தான்.

8. மண்ணெண்ணெய் முழுதும் உலர்ந்த பிறகே பொருத்துங்கள். மோட்டாரின் பிரஷ்ஷில் தீப்பொறி பறக்கும். போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் தளர்ந்தாலும் மோட்டார் சாய்ந்து, பினியன் திரும்பவும் சிக்கும். எர்த் கேபிளைக் கடைசியில் மாட்டுங்கள்.

மறுபடி சிக்காமல் இருக்க

எஞ்சின் பிடித்த கணமே சுவிட்சிலிருந்து காலை எடுங்கள். பிடிக்காமல் நின்றுவிட்டால், பிளைவீல் முழுதாக ஓயும்வரை பொறுத்து அடுத்த மிதி மிதியுங்கள். சுழலும் ரிங் கியரில் பினியன் போய் மோதுவதால்தான் ஸ்பிரிங்குகள் உடைகின்றன. டைமிங் அதிகம் முன்னால் இருந்து எஞ்சின் பின்னோக்கி உதைத்தாலும் அதே கதிதான், அதையும் சரிபார்த்துவிடுங்கள்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவும்போது கிளட்ச் ஹவுசிங் பக்கம் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம் என்று சர்வீஸ் பையனிடம் முன்பே சொல்லுங்கள். அடைமழை தொடங்கும் முன் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இந்த வேலைக்கு ஒதுக்குங்கள். சுத்தம் செய்தும் மோட்டார் மந்தமாகச் சுற்றினால் பிரஷ், புஷ், ஆர்மேச்சரைப் பார்க்க ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொண்டு போங்கள். பெண்டிக்ஸைக் கழுவியாயிற்று, கிரீஸ் போட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.