கம்பி யாருடையது?

இரவு மணி எட்டரை. கணிதப் பிரத்தியேக வகுப்பு இணையத்தில் நடந்துகொண்டிருந்தது. திரையில் ஆசிரியரின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. பிறகு குரல் வந்தது, படம் உறைந்துவிட்டது. ஐந்தாம் படிவத்தில் படிக்கும் அந்த மாணவி பேனாவைக் கீழே வைத்தாள். எஸ்.பி.எம். தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதங்களே இருந்தன.

பேராக் மாநிலத்தில், பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்று இருந்த இடத்தில் எழுந்த புதிய தாமான் அது. அந்தக் குடும்பம் குடிபுகுந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டில் இருந்த ஒரே இணைய வசதி அப்பாவின் கைப்பேசிதான். அப்பா லாரி ஓட்டுநர். அவர் வீட்டில் இல்லாத இரவுகளில் மகளுக்கு வகுப்பு இல்லை. முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் அம்மாவுக்கும் புலனத்தில் வரும் முன்பதிவுகள் மறுநாள்தான் கண்ணில் படும். அந்த மாதத்தில் மட்டும் இரண்டு முன்பதிவுகள் கைநழுவிப் போயிருந்தன.

வீட்டுக்கு நிலையான இணையம் வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யாரிடம் வாங்குவது என்பதில்தான் சிக்கல். உணவு மேசையில் இரண்டு விளம்பரத் தாள்கள் கிடந்தன. ஒன்று நாடெங்கும் பெயர்பெற்ற கைப்பேசி நிறுவனத்தின் கம்பியில்லா வீட்டு இணையம். மாதம் 99 ரிங்கிட், 24 மாத ஒப்பந்தம், மோடம் இலவசம். மற்றொன்று பட்டணத்தில் கடை வைத்திருக்கும் சிறிய சேவை நிறுவனத்தின் ஒளியிழை இணையம். மாதம் 109 ரிங்கிட், 12 மாத ஒப்பந்தம். ஆனால் தாமானுக்குள் ஒளியிழைக் கம்பியைப் பதித்தது அந்தக் கடை அன்று. சுற்றியுள்ள மூன்று, நான்கு சிற்றூர்களில் மட்டும் இயங்கும் ஒரு வட்டார நிறுவனம் அதைப் பதித்திருந்தது. அந்த நிறுவனம் கடனில் தவிக்கிறது, கைமாறப் போகிறது என்று காப்பிக் கடையில் பேச்சு அடிபட்டது. மூடப்போகிறார்கள் என்றும் சிலர் சொன்னார்கள்.

அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து சென்று, அலமாரியின் அடித்தட்டிலிருந்து தூசி படிந்த வெள்ளைப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். அது ஒரு பழைய வைமேக்ஸ் மோடம்.

“இதை நான் காசு கொடுத்து வாங்கினேன் அம்மா. கொஞ்ச ஆண்டுகளில் அந்தச் சேவையே இல்லாமல் போய்விட்டது. இப்போது இது கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் உதவும். ஆட்டம் காணும் நிறுவனத்தை நம்பி மறுபடியும் ஏமாற வேண்டுமா? பெரிய நிறுவனத்திடமே போவோம்,” என்றார்.

அவர் பட்ட அனுபவம் உண்மையானது. மலேசியாவில் 2008-ஆம் ஆண்டு தொடங்கி வைமேக்ஸ் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் வீட்டு இணையம் விற்கப்பட்டது. கம்பி போடாத இடங்களுக்கு அது ஒரு வரமாகத் தோன்றியது. பின்னர் உலகெங்கும் 4ஜி எல்டிஇ என்ற தொழில்நுட்பம் முந்திக்கொண்டது. நிறுவனங்கள் அதற்கு மாறின. வைமேக்ஸ் கோபுரங்களின் அலைவரிசை நின்றதும், அதற்கென்றே செய்யப்பட்ட மோடம்கள் வெறும் பெட்டிகளாயின. 2021-ஆம் ஆண்டு இறுதிக்குள் நாட்டின் 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோதும் பழைய கைப்பேசிகள் சிலவற்றுக்கு இதே கதிதான்.

மகள் அந்த மோடத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்பா, இது கம்பியில்லாச் சேவைதானே? அந்த அலையை அனுப்பியவர்கள் நிறுத்தியதும் இது செத்துவிட்டது. கம்பி அப்படி இல்லையே? மண்ணுக்குள் போட்ட கம்பி, போட்டவர் போனாலும் அங்கேதானே இருக்கும்?”

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. அவள் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு விடை காண வேண்டுமானால், இணையச் சேவை எப்படி வீட்டுக்கு வருகிறது என்பதைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாலையும் பேருந்தும் ஒன்றல்ல. சாலையைப் போட்டவர் ஒருவர். அதில் பேருந்து விடுபவர் வேறொருவர். ஒரு பேருந்து நிறுவனம் மூடப்பட்டால், அதே சாலையில் இன்னொரு நிறுவனம் வண்டி விடலாம். இணையமும் பல இடங்களில் இப்படித்தான் இயங்குகிறது. மண்ணுக்கடியிலும் கம்பங்களிலும் ஒளியிழைக் கம்பியைப் பதித்துப் பராமரிப்பவர் கட்டமைப்பாளர். அந்தக் கம்பியை வாடகைக்கு எடுத்து, மாதக் கட்டணம் வாங்கி, பழுது என்றால் தொலைபேசியை எடுத்துப் பேசுபவர் சேவை வழங்குநர். சிங்கப்பூரில் வீடுகளுக்குச் செல்லும் ஒளியிழைக் கம்பி நெட்லிங்க் நிறுவனத்துக்குச் சொந்தம். சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 முதலிய நிறுவனங்கள் அந்த ஒரே கம்பியின் வழியாகப் போட்டி போட்டுச் சேவை விற்கின்றன. மலேசியாவிலும் டெலிகோம் மலேசியாவின் கம்பி வழியாக மேக்சிஸ் போன்ற பிற நிறுவனங்கள் வீட்டு இணையம் வழங்குகின்றன. எல்லாச் சாலைகளும் பொதுச் சாலைகள் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. கம்பியைப் பதித்த நிறுவனம் மட்டுமே சேவை விற்கும் இடங்களும் உண்டு. அங்கே அந்த ஒரு நிறுவனம் தடுமாறினால் வாடிக்கையாளருக்கு மாற்றுவழி இல்லை.

சரி, சாலை போட்டவரே கடனில் மூழ்கினால் என்ன ஆகும்? மறுநாள் பள்ளி நூலகத்தில் மகள் இதைத் தேடியபோது, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நகரங்களின் கதை கிடைத்தது.

அம்மாநிலத்தில் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் சிறு நகரங்களுக்கு ஒளியிழை போட ஆர்வம் காட்டவில்லை. ஆகவே, 2000-களின் தொடக்கத்தில் நகர மன்றங்கள் பல ஒன்றுசேர்ந்து, தாங்களே கம்பி பதிக்க முன்வந்தன. அந்தக் கூட்டமைப்புக்கு ‘யூட்டோப்பியா’ என்று பெயர். எல்லாம் குறைவின்றி நடக்கும் கற்பனை நாட்டைக் குறிக்கும் சொல் அது. பெயர் வைத்தவர்களுக்குத் துணிச்சல் அதிகம்தான். நகர மன்றங்கள் நேரடியாகச் சேவை விற்பதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தியதால், அவை கம்பியை மட்டும் பதித்தன. சேவையை வேறு நிறுவனங்கள் விற்றன. அவற்றுள் ஒன்று எக்ஸ்மிஷன் என்ற உள்ளூர் நிறுவனம். 1993-இல் சால்ட் லேக் சிட்டியில் தொடங்கப்பட்ட அது, தொலைபேசிக் கம்பி வழியாகவும் சேவை விற்றது. யூட்டோப்பியாவின் கம்பி வழியாகவும் விற்றது.

திட்டம் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. பணம் தீர்ந்தது, பணி பாதியில் நின்றது. ஒரு தெருவுக்குக் கம்பி வந்தது. அடுத்த தெருவுக்கு வரவில்லை. பதினொரு நகரங்கள் தங்கள் விற்பனை வரி வருமானத்தைக் கடனுக்குப் பிணையாக வைத்திருந்தன. 2014-இல், ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி நிறுவனம் மீதிப் பணியை முடித்துத் தருவதாகவும், அதற்கு ஒவ்வொரு வீடும் மாதந்தோறும் ஒரு கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் கூறியது. அந்தப் பதினொரு நகரங்களில் ஆறு அந்தப் பேச்சைத் தொடர ஒப்பின, ஐந்து மறுத்தன. கடைசியில் அந்த உடன்பாடு நிறைவேறவே இல்லை. அந்த ஆண்டுகளில் அங்கே வாழ்ந்த ஒருவருக்கு, ‘இந்தக் கம்பியில் இணைப்பு எடுக்கலாமா?’ என்ற கேள்வி இந்தத் தாமானில் எழுந்ததைப் போலவே எழுந்திருக்கும். ஆனால் கம்பி போன இடங்களில் சேவை தொடர்ந்தது. பின்னர் யூட்டோப்பியா மீண்டு எழுந்து, புதிய நகரங்களுக்கும் கம்பி கொண்டு சென்றது.

அதே மாநிலத்தின் புரோவோ நகரத்தின் கதை இன்னும் வியப்பானது. அந்நகரம் தனியாகக் கடன் வாங்கிக் கம்பி பதித்தது. நட்டம் தாங்காமல் 2008-இல் சுமார் 4 கோடி டாலருக்கு ஒரு தனியார் நிறுவனத்திடம் விற்றது. வாங்கியவர்களாலும் தவணை கட்ட முடியவில்லை. கட்டமைப்பு நகரத்திடமே திரும்பி வந்தது. 2013-இல் கூகுள் நிறுவனம் அதை ஒரே ஒரு டாலருக்கு வாங்கிக்கொள்ள உடன்பாடு கண்டது. உரிமையாளர் மாறிக்கொண்டே இருந்தார். கம்பி மண்ணிலேயே இருந்தது. கடன் மட்டும் கூகுளோடு போகவில்லை. இணையத்தைப் பயன்படுத்தியவர், பயன்படுத்தாதவர் என்ற வேறுபாடின்றி, நகர மக்கள் மாதக் கட்டணமாக அதைச் செலுத்தி வந்தார்கள்.

மகள் இதை வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார். “ஒரு டாலரா? நம் தாமான் கம்பியை நானே வாங்கிவிடுவேன் போலிருக்கிறதே!” என்றார். பிறகு முகம் மாறியது. “கம்பி இருக்கும் என்கிறாய், சரி. அறுந்துபோனால் யார் ஒட்டுவார்கள்? கடனில் இருப்பவன் ஆள் அனுப்புவானா?”

இதுவும் நியாயமான கேள்வி. கம்பி அழியாது என்பதற்காகச் சேவை தடைபடாது என்று பொருளில்லை. நிதி நெருக்கடியில் இருக்கும் கட்டமைப்பாளர் புதிய பகுதிகளுக்குக் கம்பி போடுவதை முதலில் நிறுத்துவார். அடுத்து, பழுதுபார்க்கும் பணி தாமதமாகலாம். ஒளியிழை என்பது தலைமுடி அளவுக்கு மெல்லிய கண்ணாடி. மண் தோண்டும் இயந்திரம் பட்டால் அறுந்துவிடும். அதை இணைக்கத் தனிக்கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். ஆகவே, நிறுவனம் பெரியதா சிறியதா என்று கேட்பதைவிட, சென்ற முறை பழுதானபோது எத்தனை நாளில் சரிசெய்தார்கள் என்று கேட்பது மேல். இதற்கு விடை விளம்பரத் தாளில் இருக்காது. அண்டை வீட்டாரிடம் இருக்கும்.

அம்மா அந்த வேலையை எடுத்துக்கொண்டார். முறுக்கு கொடுக்கப் போன மூன்று வீடுகளில் விசாரித்தார். இரண்டு வீடுகள் அந்தக் கடையின் ஒளியிழை இணைப்பை வைத்திருந்தன. ஒரு முறை கால்வாய் வெட்டும்போது கம்பி அறுந்ததாகவும், இரண்டு நாளில் சரியானதாகவும் சொன்னார்கள். மூன்றாம் வீட்டில் இருந்தது பெரிய நிறுவனத்தின் கம்பியில்லா இணையம். பகலில் நன்றாக இருக்கிறதாம். இரவு எட்டு மணிக்கு மேல் எல்லாரும் பயன்படுத்தத் தொடங்கியதும் வேகம் குறைகிறதாம். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அந்த வட்டாரமே பகிர்ந்துகொள்வதால் இப்படி நேரும். மகளின் வகுப்பு நடப்பது இரவு எட்டரைக்கு!

சனிக்கிழமை அப்பாவும் மகளும் பட்டணத்துக் கடைக்குச் சென்றார்கள். மகள் ஒரு தாளில் கேள்விகளை எழுதி வைத்திருந்தாள். அப்பா அதைப் பார்த்துப் பார்த்துக் கேட்டார்.

“அம்மா, கம்பி போட்ட நிறுவனம் கைமாறினால் எங்கள் ஒப்பந்தம் என்ன ஆகும்?”

“ஒப்பந்தம் எங்களோடுதான் ஐயா. 12 மாதத்துக்கு இதே கட்டணம்தான்.”

“சேவையே நின்றுவிட்டால்?”

“அபராதம் இல்லாமல் விலகலாம். நீங்களாக இடையில் நிறுத்தினால்தான் மீதி மாதங்களுக்குக் கட்ட வேண்டும்.”

“அதை எழுதிக் கொடுப்பீர்களா?”

அந்த அம்மையார் சற்றுத் தயங்கினார். படிவத்தைப் புரட்டினார். அப்படி ஒரு விதி அதில் தெளிவாக இல்லை. யாரிடமோ தொலைபேசியில் பேசினார். பின்னர் படிவத்தின் அடியில் இரண்டு வரி எழுதி, கையொப்பமிட்டு, கடையின் முத்திரையையும் வைத்தார். கடை வேறு கட்டமைப்பாளரின் கம்பியிலும் சேவை விற்கிறதா என்று மகள் கேட்டாள். பட்டணத்தின் மறுபுறத்தில் விற்பதாக அவர் சொன்னார். ஒரு சாலை அடைபட்டாலும் அந்தப் பேருந்து நிறுவனம் முற்றாக நின்றுவிடாது என்பதை மகள் மனத்தில் குறித்துக்கொண்டாள்.

வீடு திரும்பும் வழியில் அப்பா கணக்குப் போட்டார். கம்பியில்லா இணையம் மாதத்துக்குப் பத்து ரிங்கிட் மலிவு. ஆனால் 24 மாதத்துக்கு அவர் கட்ட ஒப்புக்கொள்வது 2,376 ரிங்கிட். ஒளியிழைக்கு 12 மாதத்துக்கு 1,308 ரிங்கிட். நாளை என்ன நடக்கும் என்று தெரியாத இடத்தில் குறைந்த காலத்துக்குக் கட்டுப்படுவதற்காக மாதம் பத்து ரிங்கிட் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கைப்பேசியின் தரவுத் திட்டத்தை நிறுத்தாமல் வைத்திருக்கவும் முடிவு செய்தார். கம்பி அறுந்தால் அந்த இரண்டு நாளுக்கு அது கைகொடுக்கும். கடைக்காரர் புகாருக்குச் செவிசாய்க்காவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குத்தான் முத்திரை வைத்த தாள் வேண்டும் என்றார்.

அடுத்த வாரம் இணைப்பு வந்தது. வரவேற்பறையின் மூலையில் ரவுட்டரை வைத்தபோது மகளின் அறைக்கு வைஃபை சரியாக எட்டவில்லை. அதை நடுக்கூடத்துக்கு மாற்றியதும் சரியானது. அன்றிரவு கணித ஆசிரியரின் குரலும் படமும் ஒன்றாக வந்தன.

நான்கு மாதங்களுக்குப் பிறகு, எஸ்.பி.எம். தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கையில், ஒரு கடிதம் வந்தது. காப்பிக் கடைப் பேச்சு பொய்யில்லை. வட்டார நிறுவனம் கைமாறிவிட்டது. புதிய உரிமையாளரின் பெயர் கடிதத்தின் தலைப்பில் இருந்தது. அதே வாரம் வந்த கட்டணச் சீட்டில் பழைய கடையின் பெயரே இருந்தது. தொகையும் 109 ரிங்கிட்தான். அப்பா இரண்டையும் முத்திரை வைத்த படிவத்தோடு சேர்த்துக் கோப்பில் வைத்தார். பிறகு நாட்காட்டியைப் புரட்டி, ஒப்பந்தம் முடியும் மாதத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். அதற்கு இன்னும் எட்டு மாதங்கள் இருந்தன.