ஹோமில் சேர்ப்பதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அம்மா போனில் சொன்னாள். திருப்பூர் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, தங்க இடமும் தருகிறார்கள், பிள்ளைகள் இரண்டு பேரையும் ஹோமில் விட்டுவிட்டுப் போகப் போகிறாய் என்று. மாப்பிள்ளை தவறிப்போன பிறகு நீ ஒருத்தியாக நின்று சமாளிக்கிறாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. உன் அப்பா படுத்த பிறகு அம்மாவாலும் முடியாது, தெரியும். முடிவு உன்னுடையதுதான். ஆனால் இதைப் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

"மூன்று வேளைச் சோறு, படிப்பு, எல்லாம் இலவசம்" என்று அந்த ஹோம் ஆள் சொன்னாராமே. இதே வார்த்தையை எங்கள் பெரிய மாமா வாயால் நான் கேட்டிருக்கிறேன். எங்கள் அப்பா காரியம் முடிந்த கையோடு உன் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு ஹோமில் விட்டுவிட்டு வந்தார். அவனுக்கு அப்போது ஆறு வயது. மாமா தோப்பில் தானாக விழுந்த தேங்காயை விற்றிருந்தாலே ஒரு பையனை வளர்த்திருக்கலாம். செத்தவரைப் பேசாதே அக்கா என்பான் உன் அப்பா. நான் பேசுவேன்.

கல்யாண வீடுகளில் சித்தப்பா பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்திருப்பதைப் பார்த்து நீங்கள் எல்லோரும் சிரிப்பீர்கள். அது மணிச் சத்தத்துக்குத் தட்டோடு வரிசையில் நின்ற பழக்கம். அந்த ஹோமில் யாரும் அவனை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை; நல்ல இடம்தான். படித்தான், அரசாங்க வேலை வாங்கினான். ஆனாலும் இன்றைக்கும் தன் வீட்டுப் பிரிட்ஜைத் திறக்கச் சித்தியிடம் கேட்கிறான். மகள் டைபாய்டில் கிடந்தபோது அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தானாம். கிட்டே போய் நெற்றியில் கை வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. காய்ச்சல் வந்தால் அவன் நெற்றியில் யார் கை வைத்தார்கள்? அங்கே வார்டன்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

குழந்தைகள் நலக் குழுவில் நான் இருந்தபோது எங்கள் முன்னால் வந்து நின்ற பிள்ளைகளில் அம்மா அப்பா இரண்டு பேருமே இல்லாதவர்கள் கொஞ்சம் பேர்தான். உலகம் முழுக்கவே இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று 2009-இல் 'சேவ் தி சில்ட்ரன்' சொன்னது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும், வேறு வழியே இல்லாதபோதுதான் இல்லம் என்கிறது. பதிவு செய்யாமல் இல்லம் நடத்துவது குற்றம். அந்த ஆள் பதிவுச் சான்றைக் காட்டினாரா? 18 வயதானால் பிள்ளை வெளியே வந்துவிட வேண்டும். பின்பராமரிப்பு என்று 21 வரை இழுக்கலாம். அதற்கப்புறம் பொங்கலுக்கு எந்த வீட்டுக்குப் போவது?

பையனுக்கு ஓர் இடம், பெண்ணுக்கு ஓர் இடம் என்று பெரும்பாலும் பிரித்துவிடுவார்கள். சின்னவளுக்கு இன்னும் இரண்டு வயதுகூட முடியவில்லை. ருமேனியாவில், புக்கரெஸ்ட் நகரத்து ஹோம்களில் கிடந்த 136 குழந்தைகளை வைத்து 2000-இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். இரண்டு வயதுக்கு முன்னால் ஒரு வீட்டுக்குப் போனவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள். அது கேடுகெட்ட ஹோம், நம் ஊர் அப்படியில்லை என்பாய். இருக்கட்டும். தூக்கச் சொல்லி அழுதால் ஓடி வர ஒரே ஆள் வேண்டும் என்பதில் ருமேனியா என்ன, ராஜபாளையம் என்ன?

நாகப்பட்டினத்தில் சுனாமிக்கு அப்புறம் அரசு திறந்த அன்னை சத்யா இல்லத்துப் பிள்ளைகள் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று உன் தம்பி கேட்டானாம். இருக்கிறார்கள். அவர்களுக்கு அப்போது போக வேறு இடம் இருக்கவில்லை. அதோடு, அப்போதைய கலெக்டர் ராதாகிருஷ்ணன் மாற்றலாகிப் போன பிறகும் விடாமல் வந்து பார்த்தார். அங்கே வளர்ந்த பெண்ணின் கல்யாணத்தில் முன்னால் நின்றார். எல்லா ஹோமுக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பாரா?

மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள், பிள்ளை வீட்டிலேயே வளர்வதற்கு. கணவனை இழந்தவர்கள் கேட்கலாம். கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். நானே எழுதித் தருகிறேன். திருப்பூருக்குப் போயே ஆக வேண்டுமென்றால் போ, பிள்ளைகள் என்னிடம் இருக்கட்டும். மாடி அறை சும்மாதான் கிடக்கிறது.

ரொம்பப் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நம் வீட்டுப் பெண்களிலேயே கெட்டிக்காரி நீதான். இதை உன் அம்மாவிடமும் சொன்னேன், எல்லோரிடமும் சொல்வேன். நீ எது செய்தாலும் சரியாகத்தான் செய்வாய். கூரியரில் அதிரசம் அனுப்பியிருக்கிறேன், பிள்ளைகளுக்கே கொடுத்துவிடாமல் நீயும் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பெரியவன் சட்டை அளவு என்ன என்று எழுது, இல்லாவிட்டால் போன தடவை மாதிரி தொளதொளவென்று எடுத்துவிடுவேன்.

அன்புடன்,
அத்தை