டேங்க் ஆடுகிறீர்களா? எதிரியை நிறுத்த சில யோசனைகள்

'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' போன்ற கூட்டுச் சண்டை விளையாட்டுகளில், டேங்க் என்றால் அடி வாங்குகிறவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நல்ல கவசம் இருந்தால் அடியை யாரும் தாங்கலாம். எதிரியை எங்கே, எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துகிறார் என்பதில்தான் டேங்கின் சாமர்த்தியம் தெரியும்.

1. பாஸின் முகம் உங்கள் பக்கம், முதுகு குழுவின் பக்கம். முதல் பாடம் இதுதான். நெருப்பு ஊதுவது, வாளை அகலமாக வீசுவது எல்லாம் முன்பக்கம்தான் பாயும். இன்னொரு லாபமும் உண்டு: பின்னாலிருந்து விழும் அடியைப் பாஸ் ஆயுதத்தால் தட்டிவிட முடியாது. பழைய 'கிளாசிக்' பதிப்பில், யாராவது முன்னால் நின்று அடித்து, பாஸ் அதைத் தட்டிவிட்டால், அதன் அடுத்த அடி உங்கள் மேல் இன்னும் சீக்கிரம் விழும். ரோக் ஆடுபவர் உங்கள் தோளை உரசிக்கொண்டு நின்றால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் பின்னால் போகச் சொல்லுங்கள்.

2. வால் இருந்தால் மேலே சொன்னது பாதிதான் செல்லும். 'கிளாசிக்'கில் 40 பேர் சேர்ந்து மோதும் ஒனிக்ஸியா என்ற டிராகனையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் நெருப்பு, பின்னால் போனால் வால் சுழற்றி எறியும். எறியப்பட்டவர் முட்டைகள் கிடக்கும் குழிக்குள் விழுந்தால் குட்டி டிராகன்கள் கூட்டமாகக் கிளம்பிவிடும். அதனால் குகையின் கோடிச் சுவரில் டேங்க் முதுகைக் கொடுத்து நிற்க வேண்டும். அது சிறகால் தள்ளினாலும் சுவர் தாங்கிக்கொள்ளும். மற்றவர்கள் இரண்டு விலாப் பக்கமும் பிரிந்து நிற்கட்டும்.

3. தூர நின்று மந்திரம் போடுகிறவனைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். ஓர் அம்பு விட்டுவிட்டு தூண் அல்லது சுவர் மூலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளுங்கள். உங்களைப் பார்க்க முடியாவிட்டால் அவனால் மந்திரம் போட முடியாது. தானாகவே நடந்து வந்து மூலையில் குவிவான். அவன் வந்து சேரும்வரை ஹீலர் உட்பட எல்லோரும் அந்த மறைவில்தான் இருக்க வேண்டும். ஒருவர் தலையை நீட்டினாலும் காரியம் கெட்டது. மந்திரத்தை இடையில் வெட்டினாலும் சில நொடிகள் அவன் கிட்டே வருவான்.

4. எதிரியை இடம் மாற்றும்போது திரும்பி ஓடாதீர்கள். முதுகில் விழும் அடியைக் கேடயத்தால் தடுக்க முடியாது. கூடவே தலை கிறுகிறுத்து வேகமும் குறையும். முகத்தை எதிரி பக்கம் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகருங்கள்.

5. மனித உருவில் வரும் எதிரிகள் உயிர் குறைந்ததும் ஓட்டம் எடுத்து, பக்கத்துக் கும்பலையும் கூட்டி வருவார்கள். சண்டையை ஏற்கெனவே காலி செய்த இடத்துக்கு இழுத்து வந்து நடத்துங்கள்.

6. 'ஃபைனல் ஃபேன்டஸி 14' ஆடுபவர்களுக்கு: பாஸைத் தேவையில்லாமல் சுற்ற விடாதீர்கள். சாமுராயின் கெக்கோ என்ற அடி முதுகிலும் காஷா என்ற அடி விலாவிலும் விழுந்தால்தான் முழுப் பலன். பாஸ் சுற்றிவிட்டால் சமாளிக்க 'ட்ரூ நார்த்' என்ற திறன் இருக்கிறது, ஆனால் 10 நொடிதான். பாஸின் காலடி வளையத்தைப் பார்த்தாலே முன்பக்கம் எது என்று தெரிந்துவிடும்.

7. இது டேங்குக்கு அல்ல, அடிக்கிறவர்களுக்கு. டேங்க் கிளப்பிய ஆத்திரத்தில், எதிரிக்குக் கிட்டே நிற்பவர் 110 சதவீதத்தையும் தூர நிற்பவர் 130 சதவீதத்தையும் தாண்டினால், வார்கிராஃப்டில் எதிரி அவர் பக்கம் திரும்பிவிடுவான். அப்புறம் நெருப்பும் உங்கள் பக்கம்தான். டேங்க் எதிரியைத் திருப்பி நிறுத்தும்வரை தயவுசெய்து கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.