டி மாத்திரையும் பிரஷர் பட்டையும்

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தேன். வைட்டமின் டி லிட்டருக்கு 35 நானோமோல். 50-க்குக் கீழே போனாலே குறைபாடு என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்வார்கள். ஆகவே குறை இருப்பது உண்மைதான். என்னை யோசிக்க வைத்தது தாளின் கீழே நீ எழுதியிருந்த கேள்வி: "டி மாத்திரை போட்டால் அம்மாவுக்கு வந்த மாதிரி எனக்கும் கர்ப்பத்தில் பிரஷர் வராதுதானே?"

அப்படி யாரும் உனக்கு உறுதி சொல்ல முடியாது.

பினாங்கில் வெயிலுக்கா பஞ்சம் என்று உன் வீட்டுக்காரர் சிரித்தாராம். ஆனால் மலேசியக் கர்ப்பிணிகளிடம் நடந்த பல ஆய்வுகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தச் சத்து குறைவாகத்தான் இருந்தது. வெயில் நேராகத் தோலில் பட்டால்தான் உடம்பு இதைச் செய்துகொள்ளும். ஜன்னல் கண்ணாடி அதற்கு வேண்டிய கதிரை மறித்துவிடும். நீயோ பாயான் லெப்பாஸ் ஆலையில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு இரவு ஷிப்ட் நிற்கிறாய். விடிந்ததும் ஆலை பஸ்ஸில் தூக்கம், வீட்டுக்கு வந்து மறுபடி தூக்கம். லீவு நாளில் லிட்டில் இந்தியாவுக்குப் போனாலும் கடையோர அஞ்சடி நிழலில் நடப்பாய். கறுத்துவிடும் என்று கையில் குடை வேறு. நம் தோலின் கறுப்பே கதிரை வடிகட்டுவதால் வெள்ளைக்காரிக்குப் போதுமான வெயில் நமக்குப் போதாது.

காலை எட்டு மணி இளவெயிலே போதும் என்று தமிழ்நாட்டிலிருந்து உன் மாமியார் சொல்கிறாராமே. அந்தக் கணக்கு இங்கே ஒத்துவராது. 1982-இல் நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வர மதியம் ஒன்றேகால் ஆகிறது. எட்டு மணிக்கு அது அப்போதுதான் எட்டிப் பார்க்கும். உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் பயன் தரும். அது இங்கே பத்தரைக்கு மேல். முகமும் கைகளும் படும்படி பத்துப் பதினைந்து நிமிஷம் நில், தண்ணீர் குடி, தலை சுற்றினால் நிழலுக்கு வந்துவிடு. இருந்தாலும் 35-ஐ வெயிலை மட்டும் நம்பி ஏற்ற முடியாது. டாக்டர் எழுதிய மாத்திரையைப் போடு. உன் எலும்புக்கும் பிள்ளையின் எலும்புக்கும் அது வேண்டும். ஒபிமின் மாதிரி சத்து மாத்திரையிலும் டி உண்டு, அட்டையைப் படித்துக் கூட்டிப் பார். டாக்டர் சொல்லாமல் நாளுக்கு 4000 யூனிட்டைத் தாண்டாதே; மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும்.

பிரஷர் கதை வேறு. 2007-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர ஆய்வு ஒன்று, கர்ப்பத்தின் தொடக்கத்தில் டி 37.5-க்குக் கீழே இருந்த பெண்களுக்கு ப்ரீஎக்ளாம்சியா, அதாவது கர்ப்பத்தில் பிரஷர் ஏறும் நோய், வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு என்றது. யாராவது உன்னைப் பயமுறுத்தியிருந்தால், அவர் இதைத்தான் எங்கோ கேட்டிருப்பார். குறைவாக இருந்தவர்களுக்கு அதிகம் வந்தது என்பது ஒன்று, மாத்திரை கொடுத்தால் தடுக்கலாம் என்பது இன்னொன்று. 2016-இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில் ஒரு பிரிவுக்கு நாளுக்கு 4400 யூனிட், மறு பிரிவுக்கு 400 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு வந்தது. உடம்பு பருத்தவர்கள், வெளியே நடமாடாதவர்கள் ஆகியோருக்கு டியும் குறையும், பிரஷரும் ஏறும். எது எதைக் கொண்டுவந்தது என்று பிரிப்பது கஷ்டம். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் டி கொடுக்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. கொடுக்கலாம் என்று அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் 2024-இல் சொன்னது. பெரியவர்களே இப்படிப் பிரிந்து நிற்கும்போது, ஒரு மாத்திரையை நம்பி நீ கிளினிக் தேதியைத் தள்ளிப் போடக் கூடாது.

இப்போது உனக்குப் பதினான்கு வாரம். முதல் பிள்ளை, உன் அம்மாவுக்கும் உன்னைச் சுமந்தபோது பிரஷர் வந்தது. இந்த இரண்டையும் டாக்டரிடம் நீயே வாய்விட்டுச் சொல், "எனக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் வேண்டுமா?" என்று கேள். ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு அதை 16 வாரத்துக்குள் தொடங்குவதே வழக்கம். நஞ்சுக்கொடி கருப்பையில் வேர்விடும் காலம் அது. 2017-இல் வந்த ஆய்வில், அப்படிக் கொடுத்ததால் குறைமாதத்திலேயே பிரசவிக்க வைக்கும் ப்ரீஎக்ளாம்சியா நூற்றுக்கு நான்கிலிருந்து இரண்டுக்கும் கீழே இறங்கியது. கடையில் நீயாக வாங்கிப் போடாதே. சோற்றில் கால்சியம் குறைந்தவர்களுக்குக் கால்சியமும் உதவும். நாளுக்கு 500 மில்லிகிராமே 1500-க்கு ஈடாக வேலை செய்வதாகப் பெங்களூரிலும் தான்சானியாவிலும் நடந்த பெரிய ஆய்வு 2024-இல் காட்டியது. அதை இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்காதே. தே தாரிக்கில் ஊற்றும் இனிப்புப் பாலை இந்தக் கணக்கில் சேர்க்காதே. தலையோடு தின்னும் நெத்திலியைத் தாராளமாகச் சேர். உப்பை அடியோடு விட்டால் ப்ரீஎக்ளாம்சியா வராது என்பார்கள். அதற்கு ஆதாரமில்லை.

கிளினிக்கில் பிரஷர் பார்க்கும்போது அவசரப்படாதே. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார், கால்மேல் கால் போடாதே, சட்டைக் கையின் மேல் பட்டையைச் சுற்றவிடாதே. தாதி மிஸ்ஸி சிறுநீரில் முக்கும் குச்சி மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறினால் புரதம் இறங்குகிறது என்று பொருள். இருபது வாரத்துக்குப் பிறகு 140-க்கு 90 தொட்டாலே பேசாமல் இருக்கக் கூடாது. 160-க்கு 110 என்றால் உடனே ஆஸ்பத்திரி. உன் இளஞ்சிவப்புப் புத்தகத்தில் வண்ணக் குறியை மாற்றி ஒட்டினால் ஏன் என்று கேள். கேட்பது உன் உரிமை.

விடாத தலைவலி, கண் முன் மின்னல், வலது விலா எலும்புக்குக் கீழே வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, மூச்சு முட்டுவது: இதில் ஒன்று வந்தாலும் பனடோல் போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போகாதே. இரவு இரண்டு மணியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, வண்டி இல்லையென்றால் 999-ஐக் கூப்பிடு. பிள்ளை பிறந்ததும் ஆபத்து விட்டது என்று நினைத்துவிடாதே. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் வரை ப்ரீஎக்ளாம்சியா வரலாம். பத்தியத்தைக் காரணம் காட்டி, வீட்டுக்கு வரும் மிஸ்ஸியைத் திருப்பி அனுப்பாதே. அடுத்த வாரத்துக்குள் ஆஸ்பிரினைப் பற்றிக் கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்.

அன்புடன்,
பெரியம்மா